வாசலில் கிடந்த காக்கை இறகு

தூத்துக்குடி மில்லர்புரத்தில் முத்துச்செல்வியின் மாவு மில்லுக்கு வருகிறவர்கள் அரிசியைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட முடியாது. அவள் விடமாட்டாள். "உங்க சாமான் அரையுததை நீங்களே நின்னு பாத்துக்கிடுங்க. பெறகு குறைஞ்சுட்டு, கலந்துட்டுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்பாள். அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குத்தான் சந்தேகம்.

சந்தேகம் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. யாராவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் சிரித்துப் பேசிவிட்டுப் போனால், அவர்கள் தெருமுனை தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மெஷின் ஓட்டும் பொன்னுதுரையிடம் திரும்பி, "என்னத்துக்கு அண்ணாச்சி இம்புட்டுச் சிரிச்சிட்டுப் போறா?" என்று கேட்பாள். பொன்னுதுரை அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். "சிரிப்பு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவள் பிறக்கும்போதே அப்படி இருந்தவள் இல்லை. கல்யாணமான புதிதில் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவளாகத்தான் இருந்தாள். புருஷன் மாரிராஜ் லாரி ஓட்டினான். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு நாமக்கல் பக்கம் போவான். போனால் வர ஒரு வாரம் ஆகும், சில தடவை அதற்கு மேலும் ஆகும். ஒரு முறை அவன் பையைப் பிரித்தபோது சட்டைகள் துவைத்து மடித்து இருந்தன. அவள் மடிக்கிற மாதிரி இல்லை. கையை உள்ளே விட்டு, கழுத்துப் பட்டி மேலே தெரிய, கடையில் அடுக்கி வைக்கிற மாதிரி மடித்திருந்தது. "யாரு மடிச்சா?" என்று கேட்டாள். "கிளீனர்தான்" என்றான். அவளும் நம்பினாள். கிளீனருக்கு இவ்வளவு அழகாக மடிக்கத் தெரிந்திருக்கிறதே என்று பாராட்டக்கூடச் செய்தாள்.

நாமக்கல்லில் அவனுக்கு ஒரு வீடும், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளையும் இருப்பது பிறகு தெரியவந்தது. அவளுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்திருந்தது. மாரிராஜின் சொந்தத் தங்கைக்கும் தெரிந்திருந்தது. ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் லோடு ஏற்றிப் போனவன் திரும்பி வரவில்லை. மாமனார் விட்டுச் சென்ற மாவு மில் மட்டும் அவளுக்கு மிஞ்சியது. அதை ஓட்டித்தான் மகளை நர்சிங் படிக்க வைத்து மதுரையில் கட்டிக் கொடுத்தாள். அந்தச் சட்டை மடிப்புக்குப் பிறகு, கண்ணில் பட்ட எதையும் சும்மா விடுவதில்லை என்று அவள் வைத்துக்கொண்டாள்.

விஜிலா பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்தது வைகாசியில். நாசரேத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஜெஸ்டின் கப்பலில் வேலை பார்க்கிறான். சாம்பார்பொடி, மீன்குழம்புப் பொடி என்று பாக்கெட் போட்டு விற்கிற கடை அது. மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்கக் கடை வாசற்படியை உயர்த்திக் கட்டி, சைக்கிள் ஏற ஒரு சிமெண்ட் சரிவு போட்டு, மேலே தகரக் கூரையும் இறக்கினாள். மிளகாய் வத்தல், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் முத்துச்செல்வியிடம்தான் அரைக்கக் கொடுத்தாள்.

"ஊர்ல பெரிய பெரிய மில்லு இருக்கு. இவ ஏன் நம்மகிட்ட வாரா?" என்று முத்துச்செல்வி முதலில் முழித்தாள். விஜிலா வீட்டில் செய்த கேக் கொண்டுவந்து கொடுத்தபோது, பொன்னுதுரையைத் தின்னச் சொல்லிவிட்டு, அவர் சாயங்காலம் வரை நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தான் தின்றாள். ஆனால் விஜிலா நாள் தவறாமல் வந்தாள். அரைபடும் வரை நின்று பேசினாள். மெல்ல மெல்ல அவள் வருகிற நேரத்தை முத்துச்செல்வி எதிர்பார்க்கத் தொடங்கினாள். அதைப் பொன்னுதுரையிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்தது. தூத்துக்குடியில் ஆடிக்காற்று சாதாரணமாக வீசாது. மண்ணை அள்ளி முகத்தில் எறியும், கடைப் பலகைகளைக் கழற்றிப் போடும். அப்படி ஒரு காலையில் மில்லின் ஷட்டரைத் தூக்க வந்த முத்துச்செல்வி, படியில் ஒரு காக்கை இறகு கிடப்பதைப் பார்த்தாள். நீளமான இறகு. அடி வெள்ளையாக, மீதி மையைப் போலக் கறுத்து இருந்தது. காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் இரண்டு கிடந்தன. அதற்கு அடுத்த நாளும் கிடந்தன. வாசலில் எங்கே வேண்டுமானாலும் கிடந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் அதே மூலையில், ஷட்டர் பூட்டுக்கு நேர் கீழே, யாரோ கொண்டு வைத்தது மாதிரி கிடந்தன.

"காத்துல பறந்து வந்திருக்கும்" என்றார் பொன்னுதுரை.

"போன வருசம் காத்து அடிக்கலையா? அதுக்கு முந்தின வருசம் அடிக்கலையா? அப்பல்லாம் ஏன் வரல?"

பொன்னுதுரை மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டதையும் முத்துச்செல்வி கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் மெஷின் பெல்ட் அறுந்தது. அவள் முழங்கால் வீங்கியது. மதுரையில் பேரனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. தனித்தனியாக வந்திருந்தால் இவற்றை அவள் தாங்கியிருப்பாள். வாசலில் கறுப்பு இறகு கிடக்க, ஆடி மாதமாகவும் இருக்க, இவையெல்லாம் சேர்ந்து வந்தபோது அவளுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. யாரோ செய்வினை வைக்கிறார்கள்.

யார் என்பதற்கும் விடை சீக்கிரமே கிடைத்தது. ஒரு காலை அவள் தெருமுனையில் திரும்பும்போது, விஜிலா தன் கடை வாசலில் குனிந்து கையில் கறுப்பாக எதையோ எடுப்பதைப் பார்த்தாள். முத்துச்செல்வியைக் கண்டதும் விஜிலா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிரிக்கவும் இல்லை.

"அவிய வேதக்காரங்கல்லா, சர்ச்சுக்குப் போறவிய. இதையெல்லாம் நம்பமாட்டாங்க" என்றார் பொன்னுதுரை.

"நம்பாதவ நம்புதவ வாசல்ல போடுததுக்கு என்ன தடை? அவளுக்குப் பயமே இருக்காதுல்லா."

அன்று விஜிலா வத்தல் மூட்டையோடு வந்தபோது, "மெஷின் ரிப்பேர்" என்றாள் முத்துச்செல்வி. மெஷின் அவள் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று யாரோ ஒருவருடைய அரிசியை அரைத்துக்கொண்டிருந்தது. விஜிலா மெஷினைப் பார்த்தாள், முத்துச்செல்வியைப் பார்த்தாள், மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு மில்லுக்குப் போனாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. குற்றமில்லாதவள் என்றால் கேட்டிருப்பாளே என்று முத்துச்செல்வி நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் காக்கைகளையே கவனிக்கத் தொடங்கினாள். இரண்டு கடைகளுக்கும் எதிரே ஒரு வாதாமரம். அதில்தான் காக்கைகள் அடைகின்றன. ஒன்றுக்கு வால் இல்லை. இன்னொன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லாமல் சாம்பல் நிறத் தோல் தெரிந்தது. பறக்கும்போது இறக்கையின் நடுவே பல் விழுந்த மாதிரி சந்து தெரிந்தது. தகரக் கூரையில் வந்து உட்காரும் மைனா ஒன்றின் தலை முழு மொட்டை. சோற்றில் ஏதோ கலந்து வைத்து இந்தப் பறவைகளைப் பிடித்து இறகைப் பிடுங்குகிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள்.

மொட்டை மாடியில் வாடிக்கையாளர்களின் ஈர அரிசியைக் காயப்போட்டு மேலே வலை விரித்திருப்பாள். ஒரு மத்தியானம் அந்த வலையில் ஒரு காக்கையின் கால் சிக்கிக்கொண்டது. கத்துகிற சத்தம் கேட்டு ஏறிப் போனாள். கழுத்து மொட்டை, வால் பாதி, இடது இறக்கையில் பெரிய சந்து. மற்ற காக்கைகள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. முத்துச்செல்வி ஒரு துண்டைப் போட்டு அதைப் பிடித்தாள். பொன்னுதுரை வலையை அறுத்துக் காலை விடுவித்தார்.

"பறக்க விட்டிரு செல்வி."

"விடவா? இதுதான் அண்ணாச்சி சாட்சி."

காக்கையைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்து கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஆடுகளுக்கும் நாய்களுக்கும் நடுவில் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் இருந்து சத்தம் வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் ஐஸ்வர்யா சின்ன வயசு. கையுறை மாட்டிக்கொண்டு காக்கையை வெளியே எடுத்தாள். கால் காயத்தை முதலில் பார்த்தாள்.

"கால் இல்லம்மா. இறகைப் பாருங்க. யாரு இதை இப்படிப் பண்ணினதுன்னு சொல்லணும்" என்றாள் முத்துச்செல்வி.

டாக்டர் இறக்கையை விசிறி மாதிரி விரித்தாள். சந்து தெரிந்த இடத்தில் வாயால் ஊதினாள். தோலிலிருந்து பென்சில் முனை அளவுக்குக் கறுப்பாகக் குச்சி குச்சியாக ஏதோ எட்டிப் பார்த்தது. "தொட்டுப் பாருங்க. இதெல்லாம் புது இறகு. முளைச்சு வருது. குஞ்சு பொரிச்சு முடிச்சதும் பழசைக் கழிச்சிட்டுப் புதுசு போடும். எல்லாக் காக்காவும் வருசா வருசம் செய்யுததுதான். புறா, மைனாவும் அப்படித்தான்."

"கழுத்து?"

"அங்கயும் அதேதான். பேன் பிடிச்சாலும் சிலதுக்குத் தலை மொட்டையாயிரும். இதுக்குப் பேன் இல்லை."

"யாரும் மருந்து கிருந்து வச்சிருந்தா?"

"வச்சிருந்தா என் கையை இந்தக் கொத்து கொத்தாது."

முத்துச்செல்வி அந்தக் குச்சிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "டாக்டருக்குச் சொந்த ஊரு?" என்றாள்.

"சாத்தான்குளம். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம், "சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் ரொம்பத் தூரமோ?" என்று கேட்டாள். "பக்கந்தான், அக்கா" என்றார் அவர். அப்படித்தான் இருக்கும் என்று அவள் தலையாட்டிக்கொண்டாள்.

காக்கையை மாடியில் திறந்துவிட்டாள். அது தடுமாறிப் பறந்து வாதாமரத்துக்குள் போய் மறைந்தது. அந்தக் குச்சிகள் அவள் விரல் நுனியில் உறுத்தியது நினைவில் இருந்தது. டாக்டர் சொன்னது பொய்யாக இருக்க வழியில்லை என்று மனதின் ஒரு பக்கம் சொன்னது. இறகு தானே உதிர்ந்தாலும், தானே நடந்து வந்து தன் பூட்டுக்குக் கீழே படுக்குமா என்று இன்னொரு பக்கம் கேட்டது. அந்த வாரமே மில் வாசலில் கேமரா மாட்டினாள். தெருவும் பக்கத்துக் கடை வாசலும் தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

முதல் நாள் காலையில் பதிவானதைப் போனில் ஓடவிட்டுப் பார்த்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் விஜிலா வருகிறாள். தன் படி ஓரத்தில் குனிந்து இரண்டு விரலால் ஒரு இறகை எடுக்கிறாள். அதைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்கிறாள், உதடு அசைகிறது. பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேலே இருக்கிற கேமராவைக் கவனிக்காமல் மில்லின் படிக்கு வந்து, இறகைப் போட்டுவிட்டு வேகமாகத் திரும்பிப் போகிறாள்.

முத்துச்செல்விக்கு முதலில் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இந்த முறை தான் ஏமாறவில்லை. இந்த முறை பார்த்தது பார்த்ததுதான். அந்த நிம்மதி தணிந்த பிறகுதான் கோபம் வந்தது.

போனை நீட்டிப் பிடித்தபடி விஜிலாவின் கடைக்குள் போனாள். பொடி வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "ஏளா விஜிலா, இது யாருன்னு பாரு" என்றாள்.

விஜிலா பார்த்தாள். மறுக்கவில்லை. "நான்தான். போட்டேன். நீங்க போட்டதைத் திருப்பிப் போட்டேன்."

"நான் போட்டேனா?"

"பின்ன யாரு அக்கா? நான் கடை வச்சதுல இருந்து நல்லாத்தான இருந்திய? திடீர்னு என் வாசல்ல காக்கா இறகு. மறுநாளும் இறகு. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரிப்பேர்னு சொன்னிய. நான் என்ன நினைக்கது? எங்க போதகர்கிட்ட கேட்டேன். பயப்படாத, ஜெபம் பண்ணிட்டுத் தூக்கிப் போடுன்னாரு. வந்த இடத்துக்கே போகட்டும்னு உங்க படியில போட்டேன்."

பொடி வாங்க வந்தவர்கள் போவதாக இல்லை. பின்னாலேயே வந்திருந்த பொன்னுதுரை, "அதுக்கு முந்தியும் ஓடவிட்டுப் பாருங்களேன்" என்றார்.

பின்னால் ஓட்டினார்கள். வெளிச்சம் வந்த நேரம், ஆளில்லாத தெரு. காற்று சருகையும் காகிதத்தையும் உருட்டிக்கொண்டு போகிறது. விஜிலாவின் தகரக் கூரை விளிம்பில் ஒரு காக்கை உட்கார்ந்து இறக்கைக்குள் அலகை விட்டு இழுக்கிறது, உடம்பைச் சிலிர்க்கிறது. ஒரு இறகு நழுவி விழுகிறது. காற்று அதைத் தூக்கிப் போய் சிமெண்ட் சரிவில் மோதுகிறது. அங்கே சுற்றிச் சுற்றி வந்து, சரிவுக்கும் மில் படிக்கும் நடுவில், ஷட்டர் பூட்டுக்கு நேர் கீழே இருக்கிற மூலையில் ஒதுங்குகிறது. வாதாமரத்துப் பக்கமிருந்து தெருவில் உருண்டு வந்த இன்னொன்று, சரிவில் ஏறி விஜிலாவின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

"போன வருசம் இந்தச் சரிவு இல்லை" என்றாள் முத்துச்செல்வி. அது மன்னிப்புக் கேட்பது மாதிரி இல்லை. அவளுக்கு அப்போது அதுதான் வந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றாள் விஜிலா. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். பொடி வாங்க வந்தவர்களைப் பொன்னுதுரை மெதுவாக வெளியே அனுப்பினார்.

"இதுக்குப் போய் ஏன் அழுத?" என்றாள் முத்துச்செல்வி.

"இதுக்கு இல்லக்கா. எங்க வீட்டுக்காரவிய போன் பண்ணி ஒரு மாசம் ஆகப்போவுது. வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுவாவ. திடீர்னு நின்னுட்டு. எப்ப நின்னுதோ அப்பத்தான் இந்த இறகு வர ஆரம்பிச்சுது. நான் என்னெல்லாமோ நினைச்சிட்டேன்."

ஒரு மாதமாகப் போன் இல்லை என்றதும் முத்துச்செல்விக்குள் பழைய சந்தேகம் எழுந்தது. கழுத்துப் பட்டி மேலே தெரிய மடித்த சட்டை கண் முன்னால் வந்தது. தனக்கு அன்று ஒருவரும் சொல்லவில்லை. இவளுக்காவது யாராவது சொல்ல வேண்டாமா? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கையில் அந்தப் போன் இருந்தது. அதில் காற்று இறகை உருட்டிக்கொண்டிருந்தது. இதுவரை தானே சேர்த்துச் சேர்த்துக் கட்டிய கதை என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். ஜெஸ்டினைப் பற்றி அவளிடம் இருந்தது அதே மாதிரி இன்னொரு கதைதான்.

"கடையைச் சாத்து" என்றாள். "அவரை வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் ஆபீஸ் எங்கன இருக்கு?"

"பீச் ரோட்டுல. கேட்டேன் அக்கா. கப்பல் கடல்ல இருக்கு, டவர் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க."

"போன்ல கேட்டியா, நேர்ல கேட்டியா?"

"போன்லதான்."

"முகத்தைப் பாக்காம எப்படி நம்புத?"

இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ஆபீஸில் இருந்தவர் கண்ணாடி போட்ட, நல்ல மாதிரியான ஆள். போனில் சொன்னதையே திருப்பிச் சொன்னார். சொல்வதற்கு முன்னால் பக்கத்து மேஜைக்காரரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். விஜிலா அதைக் கவனிக்கவில்லை. எழுந்துவிட்டாள். முத்துச்செல்வி எழவில்லை.

"சார், தெரியாதவிய முகம் இப்படி இருக்காது. நீங்க பக்கத்து மேஜை சாரைப் பாத்துட்டுத்தான் சொல்லுதிய. என்னன்னு சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, இவளுக்குத் தெரியணும். அது வரைக்கும் நாங்க இங்கனயே இருக்கோம்."

அவர் முதலில் சிடுசிடுத்தார். டீ வந்தது. முத்துச்செல்வி டீயைத் தொடவில்லை. கடைசியில் பக்கத்து மேஜைக்காரரே, "சொல்லிருங்க சார்" என்றார். கப்பல் முதலாளிக்கும் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் தகராறு, கப்பலை வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் பேசுகிற வசதியை நிறுத்திவிட்டார்கள். வீடுகளுக்குச் சொன்னால் பயப்படுவார்கள் என்று மேலிடத்தில் சொல்லவேண்டாம் என்றார்களாம்.

"சொல்லாம இருந்தாத்தான் சார் பயப்படுவாங்க" என்றாள் முத்துச்செல்வி. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்த ஆபீஸில் யாருக்கும் அது ஏன் என்று தெரிந்திருக்காது.

அடுத்த நாளே கப்பலோடு பேச ஏற்பாடு செய்தார்கள். ஆபீஸ் போனில் விஜிலா "என்னங்க" என்றாள். அழுகையும் சிரிப்புமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் முத்துச்செல்வி அவள் அருகில் போய், "அவருதானா? குரல் நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"அவியதான் அக்கா."

"பெறகு சரி."

வத்தல் மூட்டை மறுபடியும் மில்லுக்கு வந்தது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. புரட்டாசி வரை இறகுகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. காலையில் முதலில் வருகிறவள் இரண்டு படிகளையும் சேர்த்துப் பெருக்கினாள். கேமராவைக் கழற்றிவிடலாமா என்று பொன்னுதுரை கேட்டார். "இருக்கட்டும்" என்றாள் முத்துச்செல்வி.

ஜெஸ்டின் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தான். மெலிந்து கறுத்திருந்தான். விஜிலா அவனை மில்லுக்குக் கூட்டி வந்தாள். அவன் கையைக் கூப்பி, "நீங்க செஞ்சதை மறக்கமாட்டேன், அக்கா" என்றான். முத்துச்செல்வி அவனை உட்காரச் சொல்லி, எந்தத் துறைமுகம், கப்பலில் எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள், துணி துவைப்பது யார் என்று வரிசையாகக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னான். துணியை அவனவனே துவைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அவர்கள் போனதும் தெருமுனை தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பொன்னுதுரையிடம் திரும்பினாள்.

"பேச்சு சரியாத்தான அண்ணாச்சி இருந்துது?"

பொன்னுதுரை கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தான் இருந்துது" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்தவருடைய அரிசியை மெஷினில் கொட்டப் போனாள்.